பிப்ரவரி 24ஆ, 27ஆ? கீத் போல்ஸ் வழக்கு

2004 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) மாவட்ட நீதிமன்றம், கீத் போல்ஸ் என்ற கைதி மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்று உத்தரவிட்டது. பிப்ரவரி 27க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று கெடுவும் வைத்தது. 26ஆம் தேதி வியாழக்கிழமையே மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கலாகிவிட்டது. நீதிபதி கொடுத்த கெடுவில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. இருந்தும், காலங்கடந்து வந்தது என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சட்டப்படி உண்மையான கெடு பிப்ரவரி 24. மூன்று நாளைக் கூட்டிச் சொன்னவர் நீதிபதி.

நீதிபதி தப்பாகக் கூட்டியதற்குக் கைதி வழக்கை இழக்க வேண்டுமா? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இழக்கத்தான் வேண்டும் என்று 2007 ஜூன் 14 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வழக்கின் பெயர் போல்ஸ் எதிர் ரஸ்ஸல். ரஸ்ஸல் என்பவர் சிறைக் கண்காணிப்பாளர். தண்டனைக்குப் பின் கைதி போடும் மனு தள்ளுபடியானால் அடுத்து என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த வழக்கைத்தான். கிணறு வெட்டுகிறவனுக்கு எங்கே மண், எங்கே பாறை என்று தெரிந்திருக்க வேண்டும். அது இந்த ஒரு வழக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

மனுவும் அதன் வகையும்

1999இல் ஒஹையோ மாநில நீதிமன்றத்தில் ஜூரிகள் போல்ஸைக் கொலைக் குற்றவாளி என்று முடிவு செய்தார்கள். ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு என்பது வழக்கு. தண்டனை 15 ஆண்டு முதல் ஆயுள் வரை. மாநிலத்துக்குள்ளேயே செய்த மேல்முறையீடு பலிக்கவில்லை. 2002 செப்டம்பரில் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு போட்டார்.

ஆட்கொணர்வு மனு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, போலீஸ் பிடித்துக்கொண்டு போய் எங்கே வைத்திருக்கிறது என்றே தெரியாத ஆள். அமெரிக்காவில் அதே மனுவுக்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு. விசாரணை முடிந்து, தண்டனை உறுதியாகி, மேல்முறையீடும் தோற்ற பிறகு, ‘என்னைத் தண்டித்த முறையே அரசமைப்புக்கு விரோதம்’ என்று கைதி ஃபெடரல் நீதிமன்றத்தில் சொல்வதற்கான வழியும் அதுதான். மாநில நீதிமன்றம் தண்டித்தவர்கள் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 2254ஆம் பிரிவின்கீழ் மனு போடுவார்கள். ஃபெடரல் நீதிமன்றமே தண்டித்தவர்கள் 2255ஆம் பிரிவின்கீழ், தண்டித்த அதே நீதிமன்றத்தில், தண்டனையை ரத்து செய்யக் கோருவார்கள். வாசல் இரண்டானாலும், மனு தள்ளுபடியான பிறகு மேலே ஏறும் படிக்கட்டு பெரும்பாலும் ஒன்றே.

அந்தப் படிக்கட்டில் முதல் படி, அறிவிப்பு. மேல்முறையீட்டு அறிவிப்பு என்பது ஒரே ஒரு பக்கம். யார் மேல்முறையீடு செய்கிறார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த நீதிமன்றத்துக்கு என்ற மூன்று விவரம் இருந்தால் போதும். வாதம் எதுவும் எழுத வேண்டாம். 2254 மனுவென்றால் 30 நாள் அவகாசம். 2255 மனுவில் எதிர்த்தரப்பு அமெரிக்க அரசு என்பதால் 60 நாள். குற்ற வழக்கின் நேரடி மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான். பலரும் இதையும் அதையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தண்டனைக்குப் பிந்தைய மனுவின் மேல்முறையீட்டுக்கு சிவில் வழக்கின் காலக்கணக்கே பொருந்தும்.

இரண்டாவது படி, சான்றிதழ். 1996இல் இயற்றிய சட்டத்தின்படி, தள்ளுபடியான மனுவை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கைதிக்குத் தானாகக் கிடைக்கும் உரிமையில்லை. அரசமைப்பு உரிமை மறுக்கப்பட்டது என்பதற்குக் கணிசமான அறிகுறி இருக்கிறது என்று ஒரு நீதிபதி சான்று கொடுக்க வேண்டும். மனுவைத் தள்ளிய நீதிபதியே முதலில் அந்தக் கேள்விக்கும் விடை சொல்வார். ‘நான் சொன்னது தப்பாக இருக்கலாம்’ என்று தன் கையாலேயே எழுதிக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அவர் மறுத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் கேட்கலாம். வெற்றி நிச்சயம் என்று காட்ட வேண்டியதில்லை. நியாயமான நீதிபதிகள் இதில் கருத்து வேறுபட இடமுண்டு என்று காட்டினால் போதும். டெக்சாஸ் மரண தண்டனைக் கைதி ஒருவரின் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. வழக்கின் தகுதியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைக் காரணம் காட்டிச் சான்றிதழை மறுப்பது வண்டியைக் குதிரைக்கு முன்னால் பூட்டுவது என்பது அதன் சாரம்.

போல்ஸின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது இந்த இரண்டாவது படியின் பேரில் இல்லை. முதல் படியிலேயே கால் இடறிவிட்டது.

தேதிகள்

மாவட்ட நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது 2003 செப்டம்பர் 9. முப்பது நாள் அக்டோபர் 9இல் முடிந்தது. அதற்குள் அறிவிப்பு போகவில்லை. டிசம்பர் 12 அன்று, அதாவது 94ஆவது நாளில், மேல்முறையீட்டுக் காலத்தை மறுபடி திறந்துவிடுமாறு போல்ஸ் தரப்பு மனு கொடுத்தது.

இப்படியொரு மறுதிறப்புக்கு அதே சட்டத் தொகுப்பின் 2107ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. தீர்ப்பு வந்த தகவல் 21 நாளுக்குள் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். தீர்ப்பிலிருந்து 180 நாளுக்குள்ளோ, தகவல் கிடைத்த 7 நாளுக்குள்ளோ (அப்போதைய கணக்கு), எது முந்தியதோ அதற்குள் கேட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பாதிப்பு வரக்கூடாது. இவை பொருந்தினால் நீதிபதி காலத்தைத் திறந்துவிடலாம். திறக்கும் காலம் எவ்வளவு என்றும் பிரிவு சொல்கிறது: உத்தரவு பதிவான நாளிலிருந்து 14 நாள். ‘சுமார்’, ‘குறைந்தது’, ‘நீதிபதி உசிதப்படி’ என்ற சொல் எதுவும் அங்கே கிடையாது.

நீதிபதி கேட்டதைக் கொடுத்தார். ஆனால் 14 நாளுக்குப் பதில் 17 நாள் கொடுத்தார். ஏன் என்பதற்கு விளக்கம் இல்லை. உச்ச நீதிமன்றமே விளங்கவில்லை என்றுதான் எழுதியது. என் ஊகம் ஒன்று உண்டு. அப்போதைய நடைமுறை விதிகளில், ஆவணம் தபாலில் வந்தால் பதில் சொல்லும் கெடுவுடன் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. நீதிமன்ற அலுவலகங்களில் கை பழகிய கணக்கு அது. பதினான்கும் மூன்றும் பதினேழு. அப்படி நேர்ந்திருக்கலாம், ஊகம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

பிப்ரவரி 26 அன்று, பதினாறாவது நாளில், அறிவிப்பு தாக்கலானது.

சின்சினாட்டியில் உள்ள ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சிறைக் கண்காணிப்பாளர் தரப்பு நாட்காட்டியை எடுத்து வைத்தது. பதினான்கு நாள் 24ஆம் தேதியோடு முடிந்துவிட்டது; நீதிபதிக்கே அதை நீட்டிக்கும் அதிகாரம் இல்லாதபோது அவர் சொன்ன 27க்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மூன்று ஆண்டு நடந்த மனு இரண்டு நாள் கணக்கில் நின்றுபோயிற்று.

தாமஸின் தீர்ப்பு

உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். ராபர்ட்ஸ், ஸ்காலியா, கென்னடி, அலிட்டோ உடன் நின்றார்கள். வாதத்தின் எலும்பு எளிமையானது. கீழ் ஃபெடரல் நீதிமன்றங்கள் எந்த வழக்கை விசாரிக்கலாம் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றமான காங்கிரஸ். எந்த வகை வழக்கு என்பதோடு, எத்தனை நாளுக்குள் வந்தால் விசாரிக்கலாம் என்பதையும் அது தீர்மானிக்கும். அந்த நாள் கணக்கைச் சட்டப் பிரிவிலேயே எழுதிவைத்தால், அது நீதிமன்றத்தின் அதிகார வரம்பாகிவிடுகிறது. வரம்புக்கு வெளியே இருப்பதை நீதிமன்றம் இரக்கப்பட்டு உள்ளே இழுக்க முடியாது. 1848ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரை போய் இந்த வழக்கம் புதிதல்ல என்று காட்டினார் தாமஸ்.

போல்ஸ் தரப்பு நம்பியிருந்தது 1960களில் வந்த இரண்டு தீர்ப்புகளை. 1962இல், கீழ் நீதிமன்றம் தவறாக நீட்டித்த காலத்தை நம்பித் தாக்கல் செய்தவரை உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. 1964இல் தாம்சன் என்பவர் வழக்கில், பத்து நாளுக்குள் போட வேண்டிய மனுவைப் பன்னிரண்டாவது நாள் போட்டிருந்தார்கள். காலம் தாராளமாக இருக்கிறது என்று விசாரணை நீதிபதியே சொல்லிவிட்டார். அதை நம்பியவரைத் தண்டிக்கக்கூடாது என்றது நீதிமன்றம். ‘தனித்துவமான சூழ்நிலை’ என்று இந்தக் கோட்பாட்டுக்குப் பெயர். கீத் போல்ஸின் நிலைமைக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது அது.

தாமஸ் அந்தச் சட்டையையே கிழித்துப் போட்டார். அதிகார வரம்புக்கு விதிவிலக்கு உண்டாக்கும் அதிகாரம் இந்த நீதிமன்றத்துக்கு இல்லை. ஆகவே அந்த இரண்டு தீர்ப்புகளும் அந்த அளவில் செல்லாது. இது கடுமை என்று தோன்றினால் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, தாமதத்தை மன்னிக்கும் விதிகளை வகுக்க நீதிமன்றங்களுக்கு அனுமதி கொடுக்கட்டும் என்று கையைக் கழுவினார்.

போல்ஸ் தன் ஹேபியஸ் மனுவில் என்ன குறை சொன்னார், விசாரணையில் எது தவறு என்றார் என்று இந்தத் தீர்ப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. தீர்ப்புக்கு அது தேவைப்படவே இல்லை.

சூட்டரின் கோபம்

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் டேவிட் சூட்டர். ஸ்டீவன்ஸ், கின்ஸ்பர்க், பிரேயர் சேர்ந்துகொண்டார்கள். சூட்டர் சத்தம் போட்டு எழுதியவர் கிடையாது. ஆனால் இந்தத் தீர்ப்பின் தொடக்கம் அவர் எழுதியவற்றிலேயே சூடானவற்றுள் ஒன்று. 27ஆம் தேதி கெடு என்று நீதிமன்றம் சொன்னது. 26ஆம் தேதி தாக்கல் செய்தார். 24ஆம் தேதியே கெடு முடிந்துவிட்டது என்று இப்போது சொல்கிறோம் என்று மூன்று தேதிகளையும் வரிசையாக வைக்கிறார். மனிதர்களை நீதித்துறை இப்படி நடத்துவது சகிக்க முடியாதது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுக்கும் இந்த ஏமாற்றை நியாயப்படுத்தச் சட்ட நுணுக்கக் காரணம்கூட இல்லை என்கிறார்.

கோபத்துக்குக் கீழே சட்ட வாதமும் இருந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளாக உச்ச நீதிமன்றமே, ‘அதிகார வரம்பு’ என்ற சொல்லைக் கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டாதீர்கள் என்று கீழ் நீதிமன்றங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. காலக்கெடு என்பது வழக்கை ஒழுங்காக நடத்துவதற்கான கருவி. நீதிமன்றம் எந்த வகை வழக்கைத் தொடலாம் என்பது வேறு சங்கதி. முதலாவதற்கு நியாயம் பார்த்து விலக்கு அளிக்கலாம். அந்தப் பாடத்தை நடத்திய வாயாலேயே இப்போது பழைய குழப்பத்துக்குத் திரும்புகிறீர்கள் என்றார் சூட்டர். ஃபெடரல் நீதித்துறையைச் சேர்ந்த ஒருவன் என்ற முறையில், எங்கள் உத்தரவை நம்புவது நியாயமானதுதான் என்று எனக்குப் படுகிறது என்றும் எழுதினார். இந்த வரியில் உள்ள கூச்சத்தைக் கவனிக்க வேண்டும். நீதிபதி சொன்ன தேதியை வழக்கறிஞர் நம்பலாம் என்று ஒரு நீதிபதி வாதாட வேண்டிய நிலைமை.

எனக்குச் சூட்டர் பக்கம்தான் சாய்வு. ஆனால் வழக்கறிஞர் அலுவலகத்தின் பங்கை யாரும் அதிகம் பேசாதது உறுத்துகிறது. ஏற்கெனவே ஒருமுறை கெடு தவறிய வழக்கு இது. மூடிய கதவு மறுபடி திறந்திருக்கிறது. தாக்கல் செய்ய வேண்டியது ஒரு பக்கம். உத்தரவு கைக்கு வந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கலாம். கெடு தந்த பிரிவைப் புரட்டியிருந்தால் 14 என்ற எண் கண்ணில் பட்டிருக்கும். பதினாறாவது நாள் வரை எதற்காகக் காத்திருந்தார்கள்? வழக்கறிஞர் சொதப்பினால் அதையே குறையாகச் சொல்லி நிவாரணம் கேட்கவும் இங்கே வழி அடைபட்டிருக்கிறது. தண்டனைக்குப் பிந்தைய மனுவில் கைதிக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் அரசமைப்பு உரிமையே இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலையான நிலைப்பாடு. ஆகவே வழக்கறிஞரின் தவறும் நீதிபதியின் தவறும் ஒரே ஆள் தலையில் விடிகின்றன.

மண் எங்கே, பாறை எங்கே

இத்தனைக்கும் நாள் கணக்கில் உச்ச நீதிமன்றம் எப்போதும் இப்படிக் கறாராக இருந்ததில்லை. 1988இல் ஹூஸ்டன் எதிர் லாக் என்று ஒரு வழக்கு. டென்னசியில் வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடிய கைதியின் ஹேபியஸ் மனு 1986 ஜனவரி 7 அன்று தள்ளுபடியானது. பிப்ரவரி 3 அன்று, 27ஆவது நாளில், மேல்முறையீட்டு அறிவிப்பைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தார். நீதிமன்ற முத்திரை விழுந்தது பிப்ரவரி 7, அதாவது 31ஆவது நாள். ஒரு நாள் தாமதம். கைதியால் தபால் நிலையத்துக்குப் போக முடியாது, நீதிமன்றத்துக்குத் தொலைபேசியில் கேட்க முடியாது, கடிதம் எங்கே நிற்கிறது என்று தேட முடியாது. அவன் கையை விட்டுப் போவது சிறை அதிகாரியிடம் கொடுக்கும் அந்த நிமிடத்தில்தான் என்று சொல்லி, அந்த நாளையே தாக்கல் நாளாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். அதுவும் ஐந்துக்கு நான்குதான். இன்று அது எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது. சிறைத் தபால் பதிவேட்டில் ஒரு தேதி விழுந்திருந்தால் அது கைதியின் உயிர்நாடி. கெடுவை நீட்டிக்காமல் ‘தாக்கல்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னதால் அந்தத் தீர்ப்பு பிழைத்தது.

போல்ஸ் தீர்ப்பு வந்து சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2010 ஜூன் 14 அன்று, ஹாலந்து எதிர் ஃபுளோரிடா தீர்ப்பு வந்தது. மரண தண்டனைக் கைதி ஹாலந்து, கெடுவைச் சுட்டிக்காட்டித் தன் வழக்கறிஞருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதியிருந்தார். வழக்கறிஞர் அசையவில்லை. ஹேபியஸ் மனு போடுவதற்கான ஓராண்டுக் கெடு ஏறக்குறைய ஐந்து வாரம் தாண்டிவிட்டது. அந்தக் கெடுவும் சட்டப் பிரிவில் இருப்பதுதான். ஆனால் அது அதிகார வரம்பைத் தொடாது, விதிவிலக்கான சூழ்நிலையில் நியாயம் பார்த்துத் தளர்த்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆக, மனு போடுவதில் ஐந்து வாரத்துக்கு மன்னிப்புக் கேட்க வழியுண்டு. அதே மனுவின் மேல்முறையீட்டில் இரண்டு நாளுக்கு வழியில்லை.

இதைவிட வேடிக்கை 2017இல் வந்த ஹேமர் வழக்கு. இது கைதி வழக்கில்லை. வேலையில் பாகுபாடு காட்டியதாக ஒரு பெண் சிகாகோவில் தொடுத்தது. அங்கேயும் மாவட்ட நீதிபதி மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறாக நீட்டினார். விதி அனுமதித்தது 30 நாள். அவர் கொடுத்தது இரண்டு மாதம். நீதிபதி சொன்ன தேதியை நம்பித் தாக்கல் செய்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் போல்ஸ் தீர்ப்பைக் காட்டித் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. எழுதியவர் கின்ஸ்பர்க், போல்ஸ் வழக்கில் சூட்டரோடு நின்றவர். அந்த 30 நாள் வரம்பு நீதிமன்றம் வகுத்த நடைமுறை விதியில் மட்டுமே இருக்கிறது. காங்கிரஸின் சட்டப் பிரிவில் அந்த வகை வழக்குக்கு அது இல்லை. ஆகவே அது அதிகார வரம்பாகாது என்று சொன்னார். நான்கு வாரம் பிந்தியவருக்குக் கதவு திறந்தது, எண் எழுதப்பட்டிருந்த புத்தகம் வேறு என்பதால். விதிப் புத்தகம் மண். சட்டப் புத்தகம் பாறை.

2025 ஜூனில் அதே 2107ஆம் பிரிவு மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பாரிஷ் என்ற கைதி, தன்னை நெடுங்காலம் தனிமைச் சிறையில் வைத்ததற்காக அமெரிக்க அரசிடம் இழப்பீடு கேட்டிருந்தார். வழக்கு தள்ளுபடியான உத்தரவு, அவரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டதால், மூன்று மாதம் கழித்தே கைக்குக் கிடைத்தது. கிடைத்ததும் மேல்முறையீட்டு அறிவிப்பு அனுப்பினார். பிறகு நீதிமன்றம் காலத்தை 14 நாளுக்குத் திறந்தது. ஏற்கெனவே அனுப்பிவிட்டோம் என்று அவர் இன்னொன்று அனுப்பவில்லை. திறந்த 14 நாளுக்குள் புதிதாக அறிவிப்பு வரவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பியது. முன்கூட்டியே வந்த அறிவிப்பு, கதவு திறந்ததும் தானாக உள்ளே வந்துவிடும். இரண்டாவது தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. முந்தி வந்தவருக்கு இடம் கிடைத்தது. பிந்தி வந்தவரைப் பற்றிய போல்ஸ் தீர்ப்பை அது அசைக்கவில்லை.

இதனால்தான் கைதிகளுக்காக மனு எழுதுகிறவர்கள் உத்தரவில் உள்ள தேதியை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பிரிவிலிருந்து தாங்களே எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒத்துவந்தாலும் கெடு வரை காத்திருப்பதில்லை.

கடுமை என்று நினைத்தால் திருத்திக்கொள்ளுங்கள் என்று 2007இல் தாமஸ் காங்கிரஸிடம் பந்தைத் தட்டிவிட்டார் அல்லவா? காங்கிரஸ் பிற்பாடு அதே பிரிவைத் திறந்து திருத்தவும் செய்தது. தகவல் கிடைத்தபின் மறுதிறப்பு கேட்பதற்கு இருந்த 7 நாளை 14 ஆக்கியது. திறந்த காலத்துக்கான மற்ற 14, நீதிபதி தப்பாக எண்ணினால் என்ன என்பதற்கு ஒரு சொல்லும் சேராமல், போல்ஸ் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.